கெலம்வோர்

கெலம்வோர் என்பவர், டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் பர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில், இறந்தோருக்குத் தீர்ப்பு வழங்கும் கடவுள் ஆவார். இவர் மனிதராகப் பிறந்து பின்னர் கடவுளானவர். தராசு ஏந்திய எலும்புக்கை இவரது சின்னம் ஆகும்.

பின்னணி

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974 இல் வெளியானது. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, ஏனையோர் வீரர், மந்திரவாதி, பூசாரி முதலிய பாத்திரங்களை ஏற்பர். பூசாரி தனது மந்திர ஆற்றலைப் பொதுவாகத் தான் வணங்கும் கடவுளிடமிருந்தே பெறுகிறார். இதனால் கடவுளரின் குணம் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியது. கனடியரான எட் கிரீன்வுட் சிறுவயதில் கற்பனை செய்யத் தொடங்கிய பர்காட்டன் ரெல்ம்ஸ், 1987 இல் இவ்விளையாட்டுக்கான உலகாக வெளியிடப்பட்டது.

கடவுளாதல்

1989 இல் வந்த மூன்று புதினங்களில் கெலம்வோர் ஒரு கூலிப் போர்வீரர். கைம்மாறு பெறாமல் பிறருக்கு உதவினால் சிறுத்தையாக மாறவேண்டும் என்பது அவரது குலத்தின் மீதிருந்த சாபம். மேலான கடவுளாகிய ஏயோ, ஏனைய கடவுளரை மண்ணுலகில் மனித வடிவில் அலையவிட்ட காலத்தில் இக்கதை நிகழ்கிறது. அதன் முடிவில், கடவுளரின் வலிமை அவர்களை வணங்குவோரைப் பொறுத்தே அமையும் என ஏயோ விதிக்கிறார். கெலம்வோரைக் கொன்ற சிரிக் என்பவன் இறந்தோரின் கடவுளாகிறான். 1993 இல் வெளியான தொடர்ச்சியில் அப்பதவி கெலம்வோருக்குக் கிடைக்கிறது.

இரக்கமும் விசாரணையும்

மனித மனம் மாறாத புதிய கடவுள், நற்செயல் புரிந்தோருக்கு மறுமையில் இனிய வாழ்வை அளித்தார். இது நன்மையாகவே தோன்றும். ஆனால் விளைவு வேறு. 1998 இல் டிராய் டென்னிங் எழுதிய புதினத்தின்படி, நல்லோர் இறப்புக்கு அஞ்சாமல் உயிரை எளிதில் இழந்தனர். நற்செயலே போதும் என்றானதால் பிற கடவுளருக்கான வழிபாடு குன்றியது. வழிபாடு குன்றினால் கடவுளரின் வலிமையும் குன்றும். எனவே கெலம்வோரின் மனிதத்தன்மையே குற்றமாக விசாரிக்கப்படுகிறது. அவர் விருப்பு வெறுப்பற்ற நடுவராகத் தம்மை மாற்றிக்கொள்கிறார். இரக்கம் ஒரு குறைபாடாகக் கருதப்படும் இவ்விடம் இவ்வுலகக் கதைகளில் குறிப்பிடத்தக்கது. கெலம்வோர் எதை இழந்தார் என்பதையும் வாசகர் எண்ணவேண்டியுள்ளது.

நம்பாதோர் சுவர்

எக்கடவுளையும் ஏற்காதவரின் ஆன்மாக்கள் ஒரு சுவரில் பதிக்கப்பட்டு மெல்லக் கரைந்துபோகும். இதை அமைத்தவர் முன்னைய மரணக் கடவுளான மிர்குல். 2007 இல் வெளியான நெவர்விண்டர் நைட்ஸ் 2 கணினி விளையாட்டின் விரிவாக்கத்தில், கெலம்வோரின் ஆட்சியிலும் சுவர் நிலைத்திருக்கிறது. ஆடுபவர் அதை எதிர்த்துப் படை நடத்தலாம், வீழ்த்த முடியாது. 2015 ஆம் ஆண்டின் விதிநூல் ஒன்றிலிருந்த இச்சுவர் பற்றிய குறிப்பு 2020 இல் திருத்தம் மூலம் நீக்கப்பட்டது.

வழிபாடு

கெலம்வோரின் பூசாரிகள் இறக்கும் தறுவாயில் உள்ளோருக்குத் துணையிருப்பர், ஈமச்சடங்குகளை நடத்துவர். பிணங்களை மந்திரத்தால் எழுப்பி நடமாட வைப்பதை இவர்கள் கடுமையாக எதிர்க்கின்றனர்.