கிழங்கு தோண்டிய குச்சி

1966இல் சிகாகோவில் நடந்த மானுடவியல் கருத்தரங்கின் தலைப்பே ‘வேட்டையாடும் மனிதன்’. ஆண் கறி கொண்டுவந்தான், நாம் மனிதரானோம் என்பது அப்போது செல்வாக்காக இருந்த கதை.

1980களில் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழு தான்சானியாவின் ஹட்சா மக்களோடு காட்டில் நடந்து, யார் எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று அளக்கத் தொடங்கியது. கைக்குழந்தை இருக்கும் தாயால் அதிகம் தோண்ட முடியாது. அப்போது மூத்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்பைப் பொறுத்தே ஏறியது.

சூலகம் ஓயும் வயது சிம்பன்சிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைத் தாண்டியும் பல்லாண்டு ஓடுகிற உடம்பு பாலூட்டிகளில் அபூர்வம். அந்த ஆயுளைத் தந்ததே பாட்டிகள்தான் என்பது ஹாக்ஸின் கருதுகோள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனா ஒண்ணு: கல் ஈட்டிமுனை மியூசியத்துக்கு வந்துவிட்டது, பாட்டி கிழங்கு தோண்டிய குச்சி மக்கிப்போச்சு. கிடைத்த பொருளை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அவள் விட்டுப்போகத்தான் செய்வாள்.