பெயரிழந்த அமெரிக்கக் கார்கள்

ஏட்டுச்சுவடி ஒன்றின் முதலேடும் இறுதியேடும் சிதைந்துபோனால் அஃது எந்நூல் என அறிதல் அரிது. எனினும் எஞ்சிய ஏடுகளின் யாப்பையும் சொல்லாட்சியையும் எழுத்தமைதியையும் கொண்டு அதன் பெயரையும் காலத்தையும் அறிஞர் உய்த்துணர்வர். அமெரிக்க நாட்டில் பழங்கார்களை மீட்டெடுப்போர் மேற்கொள்ளும் பணியும் இத்தகையதே. பண்ணைக் களஞ்சியத்தின் மூலையில் பல்லாண்டுகள் கிடந்த கார் ஒன்று வெளிப்படுகிறது. அதன் முகப்புச் சின்னம் இல்லை. சக்கர மூடிகள் இல்லை. உரிமை ஆவணமும் இல்லை. அதனைச் செய்தவர் யார், அஃது எவ்வாண்டினது என்பன தெரியாதவரை அதற்குரிய ஒரு சிறு திருகாணியைக்கூட நம்பித் தேட இயலாது. பெயர் தெரியாத ஊர்தி இறுதியில் பழைய இரும்பின் விலைக்கே போகும். ஆதலின், பெயரறிதல் ஈண்டு வெறும் பொழுதுபோக்கு அன்று; ஒரு பொருள் எஞ்சுவதும் அழிவதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

ஒத்த உறுப்புகள்

உதிரி உறுப்பு என்னும் கருத்துக்கே ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலக் கார்களின் உறுப்புகள் பல, கைவினைஞர் அரத்தால் அராவிப் பொருத்தியவை. ஒரு காரின் உறுப்பு அதே வகையைச் சேர்ந்த மற்றொரு காருக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. இந்நிலையை மாற்றியவர்களுள் காடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்டு குறிப்பிடத்தக்கவர். ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையிலும் பிரவுன் அண்டு ஷார்ப் கருவித் தொழிற்சாலையிலும் பணியாற்றியவர் அவர். அங்குக் கற்ற நுண்ணளவுத் திறனைக் கார்த் தொழிலுக்குக் கொணர்ந்தார்.

1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அந்நாட்டு ராயல் ஆட்டோமொபைல் கழகம் ஒரு சோதனை நடத்தியது. மூன்று காடிலாக் கார்கள் முற்றிலும் பிரிக்கப்பட்டு, அவற்றின் உறுப்புகள் ஒன்றோடொன்று கலக்கப்பட்டன. 89 உறுப்புகள் நீக்கப்பட்டு, இருப்பிலிருந்த புதிய உறுப்புகள் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டன. அரம் பயன்படுத்தாமல், திருகு கருவிகளை மட்டுமே கொண்டு மூன்று கார்களும் மீண்டும் பூட்டப்பட்டன. அவை 500 மைல் ஓடித் தேர்ச்சி பெற்றன. காடிலாக்குக்கு டியூவர் கோப்பை கிட்டியது.

அதே 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி, 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. ஒரு காரின் பெயரை அறிந்தால் அதன் உறுப்பு வேறோரிடத்தில் கிடைக்கும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வரலாறே அடிப்படையாகும்.

ஆண்டுதோறும் மாறிய முகம்

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்பிரட் சுலோன் வேறொரு வழியைக் கண்டார். 1927இல் ஹார்லி ஏர்லின் தலைமையில் வடிவமைப்புக்கெனத் தனித்துறை ஒன்றை அந்நிறுவனம் ஏற்படுத்தியது. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றும் வழக்கமும் வேரூன்றியது. சென்ற ஆண்டுக் கார் இவ்வாண்டில் பழையதாகத் தோன்ற வேண்டும். உரிமையாளர் புதியதை விரும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வணிக உத்தியே இன்று ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. முகப்புக் கம்பிகளின் எண்ணிக்கையும் பின்விளக்கின் வடிவமும் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அமைந்த கால எல்லைகளும் உள. கண்ணாடியும் எதிரொளிப்பானும் ஒன்றாக மூடப்பட்ட முகப்பு விளக்கு 1940ஆம் ஆண்டு மாடல்களில் பரவலாக இடம்பெற்றது. நான்கு முகப்பு விளக்குகள் 1957, 1958ஆம் ஆண்டு மாடல்களில் பரவின. பக்கவாட்டு அடையாள விளக்குகளை 1968இல் கூட்டரசு விதி கட்டாயமாக்கியது. இவற்றைக் கொண்டே ஓர் ஊர்தியின் காலத்தை ஓரளவு வரையறுத்துவிடலாம்.

போரும் தன் தடத்தை விட்டுச் சென்றுள்ளது. உலோகத் தட்டுப்பாட்டால் 1942இன் தொடக்கத்தில் அணிப்பட்டைகளுக்குக் குரோமியப் பூச்சு விலக்கப்பட்டது. அவற்றுக்கு வண்ணமே பூசப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிற்று. மிளிர வேண்டிய பட்டை வண்ணப்பூச்சுடன் காணப்படின், அது பின்வந்தோர் செய்த பிழை என எண்ணிச் சுரண்டிவிடலாகாது. அஃது அச்சில வாரங்களின் சான்றாகவும் இருக்கக்கூடும். போருக்குப் பின் வந்த 1946ஆம் ஆண்டு மாடல்கள் பெரும்பாலும் 1942ஆம் ஆண்டு வடிவங்களையே தழுவியமையால் இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கூடுதல் கவனம் வேண்டும்.

எண்கள் கூறும் சான்று

தோற்றம் தரும் முடிவை எண்கள் உறுதிப்படுத்தல் வேண்டும். 17 எழுத்தெண்கள் கொண்ட பொதுவான ஊர்தி அடையாள எண் 1981ஆம் ஆண்டு மாடல் முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிமுறை வைத்திருந்தது. ஃபோர்டு மாடல் ஏ காரில் எஞ்சின் எண்ணே அடிச்சட்டத்திலும் பொறிக்கப்பட்டது. ஆயின், அடிச்சட்டத்தில் அது பொறிக்கப்பட்ட இடத்தை உடற்கூடு மறைத்து நிற்கும். கூட்டைத் தூக்கினாலன்றி அதனைப் படிக்க இயலாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஃபிஷர் உடற்கூட்டு நிறுவனத்தின் சிறு தகடு உண்டு. 1930களின் தகடுகளில் வகை எண்ணின் முதலிரு இலக்கங்கள் மாடல் ஆண்டைக் குறிக்கும். 36 எனத் தொடங்கின் 1936 எனக் கொள்க. வண்ணத்தின் குறியீடும் இருக்கைத் துணியின் குறியீடும் அத்தகட்டிலேயே காணப்படும்.

வார்ப்புகளும் பேசுகின்றன. செவர்லே எஞ்சின்களில் திங்களை ஓர் எழுத்தாலும், நாளை எண்ணாலும், ஆண்டைப் பெரும்பாலும் அதன் கடைசி இலக்கத்தாலும் குறித்தனர். இதனால் 5 என்னும் இலக்கம் 1955ஐயும் குறிக்கலாம், 1965ஐயும் குறிக்கலாம். மேலும், அந்நாள் எஞ்சினுக்கு உரியதே அன்றிக் காருக்கு உரியதன்று. கார் உருவான நாளுக்குப் பிற்பட்ட வார்ப்பு நாள் காணப்படின், அவ்வெஞ்சின் பின்னர் மாற்றப்பட்டது என்பது தெளிவு. சுவடி ஆய்வாளர் இதனை இடைச்செருகல் என்பர்.

உறுப்பு தேடும் வழி

பெயர் தெளிவானபின் தேடல் தொடங்குகிறது. எவ்வுறுப்பு எவ்வெக் கார்களுக்குப் பொருந்தும் என்பதைத் தொகுத்துரைக்கும் ஹாலண்டர் கையேடுகள் 1930களில் தோன்றின. பழைய ஊர்திகளை உடைத்து விற்போருக்காக, அதாவது நம் ஊர்க் காயலான் கடைக்காரர் போன்றோருக்காக, எழுந்தவை அவை. இன்று மீட்டெடுப்போருக்கு அவை நிகண்டு போல உதவுகின்றன.

கார் நிறுவனங்கள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்தவை அல்ல. டிம்கன் பேரிங், கார்ட்டர் கார்புரேட்டர், டெல்கோ ரெமி அல்லது ஆட்டோலைட் மின்கருவி, போர்க் வார்னர் கியர் பெட்டி ஆகியவை பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்றன. ஹட்சன், நாஷ் என்னும் பெயர்கள் 1957இலும், பாக்கார்டு 1958இலும் மறைந்தன. ஸ்டூடிபேக்கர் சவுத் பெண்டு ஆலையில் 1963 டிசம்பரிலும் கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச்சிலும் உற்பத்தியை நிறுத்தியது. தாய் நிறுவனம் மறைந்தமையால் இக்கார்களை 'அநாதைகள்' என்றே ஆர்வலர் வழங்குவர். ஆயினும், உறுப்பின் மேலுள்ள உறுப்புச் செய்தவரின் எண்ணைப் படித்தால் அநாதைக் காருக்கும் பேரிங் கிடைக்கும்.

1935இல் பிலடெல்பியாவில் தோன்றிய அமெரிக்கப் பழங்கார்க் கழகம் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் இலையுதிர்காலத்தில் நடத்தும் கூட்டம் பழைய உறுப்புகளின் பெருஞ்சந்தையாக வளர்ந்துள்ளது. டெட்ராயிட் பொது நூலகத்தின் தேசியக் கார் வரலாற்றுத் தொகுப்பில் பழங்கையேடுகள் பேணப்படுகின்றன. சவுத் பெண்டிலுள்ள ஸ்டூடிபேக்கர் அருங்காட்சியகம் அந்நிறுவனத்தின் உற்பத்தி ஆணைப் பதிவுகளைக் காத்து வருகிறது. வரிசை எண்ணைக் கொண்டு, ஒரு கார் எந்நிறத்தில் எவ்வெக் கருவிகளோடு வெளிவந்தது என அறியலாம்.

மீட்பும் மெய்ம்மையும்

உறுப்பு கிடைப்பதோடு சிக்கல் தீர்வதில்லை. 1932ஆம் ஆண்டு ஃபோர்டின் உடற்கூட்டை முழுவதும் புதிய எஃகில் இன்று வாங்கலாம். அவ்வாறாயின், பழைய எண் பொறித்த அடிச்சட்டத்தின் ஒரு துண்டின் மேல் புதிய காரையே எழுப்பிப் பழையது என விற்கவும் இடமுண்டு. ஊர்தி அடையாள எண்ணை அறிந்தே அழிப்பதையும் மாற்றுவதையும் 1984ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் எட்டாத இடங்களில் மீட்பவரின் மனச்சான்றே காவல்.

கியூபா நாட்டுக் கார்கள் இதற்கு மறுதலையான காட்சி. 1960இல் தொடங்கிய அமெரிக்க வணிகத் தடையால் அங்கிருந்த கார்களுக்கு உரிய உறுப்புகள் கிட்டவில்லை. சோவியத் எஞ்சினும் கையால் செய்த உறுப்புகளும் பொருத்தி மக்கள் அவற்றை ஓட்டினர். தூய்மை நாடுவோர் அவற்றைக் குறை கூறலாம். ஆனால் அக்கார்கள் தம் மாற்றங்களை மறைக்கவில்லை. ஒவ்வோர் ஒட்டும் ஒரு காலத்தின் நெருக்கடியை வெளிப்படையாகவே காட்டுகிறது. புதிதாக வைத்த உறுப்பு எது, பழையது எது என்பதை எழுதிவைக்கும் மீட்பாளரும் அந்நேர்மையையே பின்பற்றுகிறார். சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர், அது தம் ஊகமே எனக் குறித்து வைப்பதும் இதனாலேயே.

ஆலைத் தொழிலாளி ஒருவர் சம்மட்டியால் பொறித்த எண் கணக்குக்காக எழுந்தது, வரலாற்றுக்காக அன்று. அவர் பெயர் எப்பதிவிலும் இல்லை. எனினும், துருவை மெல்லத் துடைத்து அவ்வெண்ணைப் படிப்பவர்க்கு அவர் கைப்பட்ட காரின் பெயர் கிடைக்கிறது. துருவோடு எண்ணையும் தேய்த்துவிடாமல் முதலில் படித்துக் குறித்துக்கொள்வதே மீட்புப் பணியின் முதற்கடமையாகும்.