மாங்குளம்: தளராத மனங்களின் சந்தி

எதையும் நல்லதாகவே எண்ணிக்கொண்டால் எல்லாம் நல்லதாகவே முடியும் என்று சொல்லும் தன்னம்பிக்கை நூல்களுக்கு இன்று குறைவில்லை. விமான நிலையங்களிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் அவை குவிந்து கிடக்கின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆயினும், வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கும்போது மனிதர் மனந்தளராமல் இருப்பது எப்படி என்று அறிய விரும்புவோர் ஓர் ஊரின் வரலாற்றைப் படிப்பது மேல் என்பது என் எண்ணம். அந்த ஊர் வன்னிப் பெருநிலத்தின் நடுவே உள்ள மாங்குளம்.

மாங்குளம் ஒரு சந்தி. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி தெற்கு வடக்காகச் செல்கிறது. கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மேற்கே மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். வழிப்போக்கருக்கு வசதியான இடமாக இருந்த இந்தச் சந்தி, படைகளுக்கும் வேண்டிய இடமாக ஆனதே ஊரின் துயரக் கதை.

சந்தியாகுமுன் இது காட்டு வழியாக இருந்தது. ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், காடும் தூர்ந்த குளங்களும் காய்ச்சலும் நிறைந்த, சனத்தொகை அருகிய ஒரு நிலத்தையே காட்டுகிறது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியேற்க வந்த இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப், அநுராதபுரத்துக்கு அப்பால் புகையிரதம் இல்லாமையால், மாடு பூட்டிய தபால் வண்டியில் இக்காட்டைக் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய பழைய குளங்கள் புனரமைக்கப்பட்டு, காடு வயலாயிற்று. 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களில் உடைமை இழந்த மலையகத் தமிழர் பலரும் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினர். ஆகவே, இழந்தபின் மறுபடி தொடங்குவது எப்படி என்பது இப்பகுதி மக்களில் பலருக்கு முன்னரே பழக்கமான பாடம்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கான புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 1997 மே மாதத்தில் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை, 1998 செப்டெம்பர் இறுதியில் மாங்குளத்தை இராணுவத்தின் கைக்குக் கொண்டுவந்தது. 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்றின்போது அது மீண்டும் புலிகளிடம் சென்றது. 2008 நவம்பர் 17ஆம் திகதி இராணுவம் அதனை மறுபடியும் கைப்பற்றியது. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு முறை ஊர் கைமாறிற்று.

இந்தத் திகதிகளை ஒரு விவசாயியின் கண்ணால் பாருங்கள். நான்கும் செப்டெம்பர் இறுதிக்கும் நவம்பருக்கும் இடைப்பட்டவை. வடகீழ்ப் பருவமழையை நம்பிய வன்னியில் அதுவே காலபோக விதைப்புக் காலம். படைத்துறை ஆய்வாளர்கள் இத்திகதிகளை வெற்றி தோல்விகளாக எழுதினர். வயலை நம்பிய குடும்பத்துக்கோ ஒவ்வொன்றும் விதைப்புக் காலத்துப் பேரிடி. நெருக்கடியிலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பது உழவர் குடியின் பழைய விதி. இன்றைய பசியைவிட அடுத்த மழையை நம்பச் சொல்லும் விதி அது. மனந்தளராமைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் இந்த மனப்பாங்கு வீட்டுக்கு வீடு வெளிப்பட்டது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, மருந்து என எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் எண்ணெய் நனைந்த பஞ்சும் ஒரு சிறு திரியும் போதும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்த மோட்டார் சைக்கிள்கள் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தனர். புகையிரதம் ஓடாத பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இவற்றை வறுமையின் அடையாளங்களாக மட்டும் காண்பது சரியன்று. இல்லாததை எண்ணிக் கையைக் கட்டிக்கொண்டு இராமல், இருப்பதைக் கொண்டு நாளை நடத்திய அறிவு அது.

கல்வியின் கதையும் அத்தகையதே. பாடசாலைகள் இடம்பெயர்ந்து மரநிழலிலும் கொட்டில்களிலும் நடந்தன. போர்முனைக்கு அப்பால் கொழும்பு நடத்திய அதே பொதுப் பரீட்சைகளுக்கு வன்னி மாணவரும் தோற்றினர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுள் பெரியது செட்டிகுளம் மெனிக்பாம். உறவுகளை இழந்து மூன்று மாதங்களும் கழியாத நிலையில், அவ்வாண்டு ஆகஸ்டில், முகாமிலிருந்தே மாணவர்கள் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினர். அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பேனாவை எடுத்தார்கள்.

நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் 1946இல் வெளியிட்ட நூலில், எல்லாம் பறிக்கப்பட்ட மனிதனிடமும் தன் நிலையை எவ்வாறு எதிர்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை எஞ்சியிருக்கும் என வாதிட்டார். வன்னியின் அனுபவம் இதனுடன் ஒன்றைச் சேர்க்கிறது. அந்தத் தீர்மானத்தைத் தனிமனிதர் தனித்தே எடுத்துவிடுவதில்லை. விளக்கைப் பகிர்ந்த அயலவரும், கொட்டிலில் பாடம் எடுத்த ஆசிரியரும், இடம்பெயர்ந்தவருக்கு வளவில் ஒரு மூலை ஒதுக்கிய குடும்பமும் சேர்ந்தே அதனைச் சாத்தியமாக்கினர். நம்பிக்கை என்பது மனத்துக்குள் மட்டும் விளையும் பயிர் அன்று.

மீள்குடியேற வந்தவர்களை இடிந்த சுவர்களும் கண்ணிவெடிகளும் எதிர்கொண்டன. அந்த வெடிகளை அகற்றும் பணியில் வன்னிப் பெண்கள் பலர் சேர்ந்து, வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தை மீட்டனர். இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீளமைக்க, 2013 செப்டெம்பரில் புகையிரதம் மாங்குளத்தைத் தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் கேட்ட ஒலி அது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இம்மக்களின் மனவுறுதியைப் புகழ்வது எளிது. அந்தப் புகழ்ச்சி சிலருக்கு மிகவும் வசதியானது. எதையும் தாங்கும் மக்கள் என்று பாராட்டிவிட்டால், ஏன் தாங்க வேண்டி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? கடந்ததை மறந்து முன்னே பாருங்கள் என்னும் அறிவுரையும் இவ்வகையினதே. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அடுத்த மாதம் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்து வீதியோரம் அமர்ந்த தாயை, பழையதைக் கைவிடாதவர் என்றும், மனம் தேறாதவர் என்றும் சொல்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அறவே அற்றவர் கேட்க வரமாட்டார். விதைநெல்லைக் காப்பவரும் கேள்வியைக் காப்பவரும் ஒரே குணத்தின் இரு முகங்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வேலை மாற்றம், வீட்டுக் கடன், வளரும் பிள்ளைகளின் விலகல் என நாளாந்த மாற்றங்களால் சோர்வடையும் நம்மவர்க்கு, அதைவிடப் பெரிய துன்பம் இது என்று காட்டி வாயடைப்பது என் நோக்கமன்று. துன்பங்களை நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. மாங்குளத்தின் வரலாறு சொல்வது இவ்வளவே: சிரித்த முகம் கட்டாயமில்லை, நாளைக்கு வேண்டியதில் ஒரு பிடியை இன்று ஒதுக்கி வைப்பது கட்டாயம். காலபோக மழை யாரிடமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வரும்போது கையில் விதை இருக்க வேண்டும்.