நிழல் சொல்லும் காலம்: ஜொகூரும் ராஃபிள்ஸ் விடுதியும்

ஜொகூரிலும் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெருங்கட்டடங்களின் பழைய புகைப்படங்களைச் சான்றாகக் கொள்பவர், சுவரையும் தூணையும் பார்ப்பதோடு நில்லாமல், அவற்றின்மேல் விழுந்த நிழலையும் படித்தாக வேண்டும்.

சர்க்கீஸ் சகோதரர்கள் என்னும் ஆர்மீனிய வணிகர்கள் 1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ராஃபிள்ஸ் விடுதியின் மனை, ஜொகூரின் குக்குப் பகுதியில் பெரும் நிலவுரிமை பெற்றிருந்த அல்சகாஃப் என்னும் அரபு வணிகக் குடும்பத்துக்கு உரியதாதலால், அதன் வரலாறு ஜொகூரையும் தொட்டே செல்கிறது. கட்டடக் கலைஞர் பிட்வெல் வரைந்து 1899-இல் திறக்கப்பட்ட அதன் முதன்மைக் கட்டடம், கடற்கரைச் சாலையில் தென்கிழக்கு நோக்கி நிற்பதால், காலைக் கதிர் நேரே முகப்பில் படுகிறது. பிற்பகலிலோ அம்முகப்பு முழுவதும் நிழலில் ஆழ்ந்துவிடுகிறது.

காலையைத் தேர்வதற்கு வேதியியல் காரணமும் இருந்தது. 1851-இல் அறிமுகமான ஈரத்தட்டு முறையில், கொலோடியன் என்னும் பசைநீர் பூசிய கண்ணாடியை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டியிருந்ததால், வெப்பம் ஏறாத வேளையே புகைப்படக்காரருக்குக் கைகொடுத்தது. பின்னர் வந்த உலர்தட்டு இந்த அவசரத்தைப் போக்கியது. எனினும் நீல ஒளியையே மிகுதியாக உணரும் இயல்பு தொடர்ந்ததால், வானம் வெளிறியும் இலைகள் கருத்தும் பதிவாயின. கடற்காற்று எழுமுன் எடுத்தால்தான் தென்னோலைகள் கலங்காமல் தெளிவாக விழுந்தன.

ஆனால் அந்தக் காலை வேளையைக் கணிக்க இன்றைய கடிகாரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. இன்று ஏழு மணியளவில் எழும் கதிரவன், அன்றைய உள்ளூர் நேரப்படி ஆறு மணியளவில் எழுந்தான்.

பருவத்தின் பங்கு இதனினும் பெரிது என்றே கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உள்ள ஜொகூர் பாருவில், 1866-இல் கட்டப்பட்ட இஸ்தானா பெசார் அரண்மனை தெற்கே நீரிணையை நோக்கி நிற்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்குவதால், அதன் முகப்பில் நாள் முழுவதும் நேரொளி படுவதில்லை. டிசம்பர் காலையிலோ, பார்ப்பவருக்கு வலப்புறமிருந்து சாய்ந்து வரும் ஒளி தூண்களின் நிழலை இடப்புறம் நீட்டுகிறது. ராஃபிள்ஸ் முகப்பில் அதே டிசம்பர் ஒளி ஏறக்குறைய நேராக விழுந்து தூண்களைத் தட்டையாக்க, ஜூன் ஒளி சுவரை உரசிச் சென்று ஒவ்வொரு வளைவையும் புடைப்பாகக் காட்டுகிறது. ஆகவே தேதி எழுதப்படாத படத்திலும் எடுத்த பருவத்தை ஓரளவு கணித்துவிட முடியும்.