மூன்று முத்திரை, ஒரே ஆய்வகம்

பி.எஸ்சி. ரிசல்ட் வரும் ஜூன் மாதத்தில் நம்ம பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "அடுத்து எந்த யுனிவர்சிட்டி?" அங்கே எந்த டிபார்ட்மெண்ட் நல்லா இருக்கு, லேப்ல என்ன கருவி ஓடுது என்று கேட்பவர் குறைவு. பல்கலைக்கழகத்தின் பெயரும் அதன் அறிவியலும் ஒரே சரக்கு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு என்பதற்குத் திருநெல்வேலியிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1966 வரை பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ், செயின்ட் சேவியர்ஸ், டவுன் பக்கம் ம.தி.தா. இந்துக் கல்லூரி எல்லாமே 1857ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டத்தில் மெட்ராஸ் முத்திரை. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, 1978ல் அதற்குக் காமராசர் பெயர் வைத்தார்கள். 1990 செப்டம்பரில் அதிலிருந்து நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களைப் பிரித்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆக, கால் நூற்றாண்டுக்குள் மூன்று முத்திரை. 1965ல் ஒரு பையன் சால்ட் அனாலிசிஸ் செய்த அதே மேஜையில் 1975லும் 1995லும் வேறு பையன்கள் செய்திருப்பார்கள். பிப்பெட் அதுவே, வாசனையும் அதுவே. ஊர்ப்பேச்சில் மட்டும் சான்றிதழின் எடை மாறிக்கொண்டே வந்தது. "மெட்ராஸ் யுனிவர்சிட்டி பி.எஸ்சி.யாக்கும்" என்று பெருமையாகச் சொல்லும் தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் படித்தது என்னவோ பாளையங்கோட்டையில்தான்.

அப்போ அந்த மெட்ராஸ் மதிப்பு வெறும் பொய்யா? இல்லை. ஜி.என். ராமச்சந்திரன் 1952ல் அங்கே இயற்பியல் துறைக்கு வந்தார். அதே வருஷம் பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் தோலின் புரதம். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. 1954-55ல் மூன்று இழை முறுக்கு வடிவம் வெளிவந்தது. 1963ல், இன்று உலகமெங்கும் உயிர்வேதியியல் பாடத்தில் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம். அந்தப் பெருமை ஒரு துறையில் சில பேர் உட்கார்ந்து செய்த வேலை. அவர் 1970ல் சென்னையை விட்டுப் போய்விட்டார். பெருமை மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் தங்கிவிட்டது. பெயர் எப்போதும் வேலைக்குப் பின்னால் வருகிறது, வேலை முடிந்தபிறகும் ரொம்ப நாள் நிற்கிறது. படிக்கப் போகிறவனுக்குச் சிக்கல் இங்கேதான்.

மதுரையிலும் இதே கதை. எம்.கே. சந்திரசேகரன் உயிரிகளின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். அவருக்கு வேண்டிய ஆய்வகத்தில் ஒரு பகுதி, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் சமணர் மலைக் குகையாகவே இருந்தது. குகைக்குள் தனியே அடைத்த வௌவால், வெளியே போய்வரும் கூட்டத்தின் சத்தத்தையும் நடமாட்டத்தையும் வைத்தே நேரத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது என்று அவரும் மாணவர்களும் காட்டினார்கள். டெல்லியில் இருந்தால் இந்தக் குகை கிடைத்திருக்காது.

நம் ஊருக்கு வருவோம். சுந்தரம் பிள்ளை (1855-1897) என்றதும் தமிழ்த்தாய் வாழ்த்துதான் நினைவுக்கு வரும். 1891ல் வந்த அவருடைய மனோன்மணியம் நாடகத்திலிருந்து எடுத்த பாடல் அது. ஆனால் அதே ஆள் 'நூற்றொகை விளக்கம்' என்று ஒரு சின்ன நூலும் எழுதியிருக்கிறார். அறிவுத்துறைகளை எப்படி வகைப்படுத்துவது என்று தமிழில் பேசும் நூல். திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு கணித்ததும், சம்பந்தரின் காலத்தை ஆதாரம் வைத்து வாதிட்டதும் அவர்தான். பின்னால் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். பல்கலைக்கழகம் அவர் பெயரை எடுத்துக்கொண்டது பாட்டுக்காக. நூற்றொகை விளக்கத்துக்காக எடுத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். (இதை அபிஷேகப்பட்டி பஸ்ஸில் ஒருவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.)

தாமிரபரணிப் படுகையில் எந்த அறிவியலைச் செய்தால் உலகம் திரும்பிப் பார்க்கும்? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் பல்கலைக்கழகம் வருவதற்கு 130 வருஷம் முன்பே கிடைத்துவிட்டது. ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1852ல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். பூமியின் காந்தத்தை அளப்பது அவர் வேலை. காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. உயரம் ஏறினால் அளவீடு மாறுமா என்று பார்க்க, நம் ஆறு பிறக்கும் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்குடில் போட்டார். ஆறாயிரம் அடிக்கு மேல். 1852 முதல் 1869 வரையான திருவனந்தபுரம், அகத்தியமலை அளவீடுகள் 1874ல் புத்தகமாக வந்தன.

அதே காந்த நடுக்கோட்டுக்காகத்தான் 1963 நவம்பர் 21ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. அதே காரணத்துக்காகத்தான் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் இன்றைக்கும் நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. நம் தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகலான பட்டையில் மட்டும். சென்னையிலோ டெல்லியிலோ எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அந்தப் பட்டையை அங்கே இழுத்துக்கொண்டு போக முடியாது.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் பாலசிங்கும் கோயில்ராஜும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குன்ஸும் சேர்ந்து 1995ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய பழந்தின்னி வௌவாலின் ஆண், திரைபோலத் தொங்கும் கொடியையும் கூந்தல்பனைக் குலையையும் பல்லால் கடித்துக் கடித்துக் கூடாரம் அமைக்கிறது என்று விரிவாகக் காட்டிய ஆய்வு. இணைப்புக் கல்லூரி ஒன்றில், நம்ம ஊர்க் கொடியை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக் கிடைத்தது. செயின்ட் சேவியர்ஸில் வி.எஸ். மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிச் செடிகளைத் தொகுத்து 1992ல் கொண்டுவந்த நூலும் இந்த வகைதான். இந்த இரண்டு வேலையும் யாருடைய பட்ட முத்திரையையும் நம்பி நடக்கவில்லை.

பல்கலைக்கழகமும் இந்த வழியை அறியாததல்ல. ஆழ்வார்குறிச்சியில், கடனாநதிப் பக்கம், சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஸ்ரீ பரமகல்யாணி மையம். குமரிக் கடற்கரையில் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம். மலையடிவாரத்தில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று. என் கணக்கில் அபிஷேகப்பட்டியின் பெரிய வளாகத்தைவிட இந்த இரண்டு இடத்தேர்வும்தான் புத்திசாலித்தனம். வழக்கமான எம்.எஸ்சி. வகுப்பறை எங்கேயும் கிடைக்கும்.

தரவரிசை இதைக் காட்டுமா? தேசியத் தரவரிசையில் 100க்கு 10 மதிப்பெண் நேரடியாகவே 'மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்' என்பதற்கு. ஆராய்ச்சிக்கு 30 உண்டு, ஆனால் அது பல்கலைக்கழகம் முழுவதையும் கூட்டிப் போட்ட கணக்கு. மாணவி போய் உட்காரப்போவது ஒரே ஒரு துறையில்.

மாணவி என்று சொன்னதால் ஒன்று. பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு எடுப்பவன் துறையைத் தோண்டிப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவான். ஆனால் முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் படிக்கும் பெண்ணுக்குச் சென்னை ஹாஸ்டல் என்பதே பேச்சில் இல்லாத விஷயம். அவளுக்குக் கிடைக்கக்கூடியது காலையில் பஸ் ஏறி சாயங்காலம் வீடு திரும்பும் பல்கலைக்கழகம்தான். 1990ல் எல்லையைப் பிரித்ததன் உண்மையான பலன் அவள். அவள் படிக்கும் லேப்பில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், கருவி ரிப்பேராகி மூடிக் கிடந்தால், நம் பட்டமளிப்பு விழாப் பெருமையெல்லாம் அவளுக்கு எதற்கு?

2021 செப்டம்பரில் சிவகளை முதுமக்கள் தாழி நெல்லின் வயது கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பொருநை நாகரிகம் 3,200 வருஷப் பழசு என்று ஊரே கொண்டாடியது, நானும்தான். அந்த நெல்லின் வயதை அளந்தது அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகம். தாழி கிடைத்த சிவகளையிலிருந்து அபிஷேகப்பட்டிக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.