'சீட்' என்னும் சொல்

நிறை குறைத்து விற்றவனையும், வாங்கிய கடனை இல்லையென்றவனையும் அக்கரைப்பற்றிலே 'சீட் பண்ணிப் போட்டான்' என்பார்கள். கள்ளம், சூது, வஞ்சம், ஏய்ப்பு எனத் தமிழிலே சொற்கள் நிறைந்திருக்க, இந்த ஆங்கிலச் சொல் எவ்வாறோ நாவில் ஒட்டிக்கொண்டது. ஆயினும், பிறந்தபோது அது களவைக் குறித்ததன்று, சட்டத்தைக் குறித்தது.

இடைக்கால இங்கிலாந்தில் ஒருவன் வாரிசின்றி இறந்தால், அவன் நிலம் பிரபுவையோ மன்னனையோ சென்றடையும். 'பங்காக வந்து விழுவது' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'எஸ்சீட்' என்னும் பெயர் அம்முறைக்கு வந்தது. அதனைக் கவனிக்கத் தனி அதிகாரிகள் இருந்தனர். உரியவர் இருக்கவும் நிலத்தைக் கைப்பற்றுகிறார்கள் என்ற பழி அவர்கள்மேல் படிந்தது. தலையெழுத்துத் தேய்ந்து 'சீட்' ஆன சொல், முதலிற் பறித்த பொருளையும், 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏமாற்றுதலையும் குறிக்கலாயிற்று. ஷேக்ஸ்பியர் இவ்விரு பொருளையும் பிணைத்து, ஃபால்ஸ்டாஃப் என்னும் பாத்திரத்தின் வாயிலே சிலேடையாக வைத்தார். அதிகாரிகளைப் பற்றிக் குடிமக்கள் வழங்கிய தீர்ப்பு அச்சொல்லிலே உறைந்து கிடக்கிறது எனலாம்.

அம்முறையின் சாயல் கடல் கடந்தும் வந்தது. 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கம்பெனியார் பட்டத்தை ஒழித்ததோடு நில்லாது, அவருடைய சொந்த உடைமைகளையும் எடுத்துக்கொண்டனர். மூத்த அரசி காமாட்சி பாய் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடி வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சிலோ, இஃது அரசின் செயல், நீதிமன்றம் தலையிடற்கில்லை என்று அவ்வெற்றியைப் பறித்தது. 1862இல்தான் நிலங்கள் குடும்பத்தாருக்கு விடப்பட்டன.

இலங்கையில் வாரிசைக்கூடக் கேட்கவில்லை, உறுதியைக் கேட்டார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்றது. மலைநாட்டில் அத்தகைய நிலங்கள் கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் போயின; வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்று மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த அக்கரைப்பற்றுப் பகுதிக்கும் அச்சட்டமே சட்டம். சேனைப் பயிர் செய்பவன் ஓரிரு போகம் விதைத்து, மண் தேறுவதற்காகப் பல ஆண்டு காட்டை வளரவிடுவான். சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் தரிசே. பாட்டன் வெட்டிய சேனைக்கு அயலவர் வாய்ச்சொல்லே சாட்சி. கச்சேரி கேட்டதோ கடுதாசி.