கனவு உத்தரவிட்ட காலம்

ஸ்ரீரங்கம் பெருமாளின் பொன்வட்டில் ஒருநாள் காணாமற்போயிற்று. தேடியதில் அது தேவதேவி என்ற கணிகையின் வீட்டில் அகப்பட்டது. விப்ரநாராயணர் கொடுத்தனுப்பியதாக அவள் சொல்ல, நந்தவனம் வைத்துப் பூமாலைத் தொண்டு செய்துவந்த அந்த அந்தணரைச் சோழன் சிறையில் அடைத்தான். அன்றிரவு அரசனின் கனவில் அரங்கன் தோன்றினான். வட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தது தானே என்று ஒப்புக்கொண்டான். விடிந்ததும் கைதி விடுதலையானார். பிற்காலத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் என்று பெயர் பெற்றவர் இவர்தான். பிறந்த ஊர் கும்பகோணத்துப் பக்கம் திருமண்டங்குடி.

இந்தக் கதையைத் தெலுங்கில் யட்சகான நாடகமாக எழுதியவர், தஞ்சையை 1634 முதல் 1673 வரை ஆண்ட விஜயராகவ நாயக்கர். மன்னார்குடி இராஜகோபாலனுக்கு அடிமை என்ற பொருளில் ‘மன்னாருதாசன்’ என்று தம்மை அழைத்துக்கொண்டவர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த மன்னார்குடிக் கோயிலைப் பெருக்கிக் கட்டியவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவரும் அவரே. ‘மன்னார்குடி மதிலழகு’ என்று ஊரார் சொல்லும் பெருமையில் அவருக்கும் பங்குண்டு. நாடாளும் மன்னர் ஒருவர் தாம் எழுதிய நாடகத்தில் இன்னொரு மன்னனைத் தவறான தீர்ப்புச் சொல்ல வைத்து, பிறகு அதை மாற்றவும் வைக்கிறார். அரசன் சொன்னதே சட்டம் என்றிருந்த காலத்தில் மேல்முறையீட்டுக்குப் போக வேறு இடமில்லை. அரசனுக்கு மேலே ஒரு மன்றம் இருந்ததென்றால் அது அவன் தூக்கத்துக்குள்தான் இருந்தது.

காவிரிப் படுகையில் இப்படிக் கனவு உத்தரவிட்ட கதைகள் ஏராளம். வயிற்று நோயால் வருந்திய நாராயண தீர்த்தர் நடுக்காவேரியில் பிள்ளையார் கோயிலில் படுத்திருந்தபோது, விடிந்ததும் கண்ணில் முதலில் படுவதைப் பின்தொடரும்படி கனவில் கட்டளை வந்ததாம். கண்ணில் பட்டது ஒரு வெள்ளைப் பன்றி. அது போய் நின்ற பூபதிராஜபுரம் பிற்பாடு வரகூர் ஆயிற்று. கிருஷ்ண லீலா தரங்கிணி அங்கேதான் பிறந்தது என்பார்கள். வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் மாதாவைக் கண்டதாக ஓடிவந்து சொன்னபோது, நாகப்பட்டினத்துச் செல்வர் அதை உடனே நம்பியதற்கு அவர் கண்ட கனவே காரணம் என்கிறது அவ்வூர் மரபு. ஊருக்குப் பெயர், கோயிலுக்கு இடம், ஒரு நூலுக்குத் தொடக்கம் என எல்லாவற்றுக்கும் கனவு ஒரு பத்திரம் மாதிரி இருந்திருக்கிறது.

ஆனால் எல்லார் கனவும் பத்திரமாகிவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய நந்தன் கதையை இந்தக் கோணத்தில் படித்துப் பார்க்கலாம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தன். தில்லைக்கு நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் போயும்விட்டார். எல்லைக்கு வெளியே படுத்திருந்தவரின் கனவில் கூத்தபிரான் வந்து, தீயில் மூழ்கி எழுந்து உள்ளே வா என்கிறார். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. தில்லைவாழ் அந்தணர் கனவிலும் அதே இரவில் அதே செய்தியைக் கடவுள் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வந்து தென்மதில் புறத்தே தீ வளர்த்த பிறகே நந்தனால் உள்ளே போக முடிந்தது. ஆண்டவன் உத்தரவே ஆனாலும் அலுவலகத்துக்கு ஒரு நகல் போனால்தான் செல்லுபடியாகும் என்ற நிலை. கனவு ஒரு கதவைத் திறந்தது. எந்த வழியாக, எதற்குள் புகுந்து வர வேண்டும் என்ற நிபந்தனையையும் அதுவே விதித்தது.

மன்னார்குடிக்குள்ளேயே கனவோடு உறவுள்ள இன்னொரு இடம் உண்டு. வைணவப் பெருங்கோயிலின் புகழில் வெளியூரார் பலருக்குத் தெரியாமலே போய்விட்ட மல்லிநாத சுவாமி ஜினாலயம் அது. தீர்த்தங்கரர் கருவில் வரும் இரவில் அவருடைய தாய் பதினாறு கனவுகள் காண்பாள் என்பது திகம்பரச் சமணரின் நம்பிக்கை. வெள்ளை யானை, எருது, சிங்கம், திருமகள் என்று தொடங்கிப் புகையில்லாத நெருப்பில் முடியும் வரிசை அது. சுவேதாம்பரர் கணக்கில் பதினான்கு. இந்தக் கனவுகளில் மனத்தின் குழப்பம் எதுவும் இல்லை. வரப்போகும் குழந்தையின் வருகைக்கு முன்னறிவிப்பு மட்டுமே. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியும் ஒரு தாயின் கனவிலிருந்துதான் வேகமெடுக்கிறது. அசோக மரம் சாய்வதையும் அதன் அடியில் புதிய முளை எழுவதையும் விசயை காண்கிறாள். கணவன் சாவான், மகன் பிறப்பான் என்று பொருள்.

அந்தச் சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தவர். ஐந்தாண்டு கழித்து, 1892இல், அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை வெளியிட்டார். கனவு பற்றிய பழைய தமிழ்க் கணக்கு ஒன்று அச்சுக்கு வந்தது அந்த உரையின் தயவால்தான். பொன்னவன் என்பவர் செய்த கனாநூலிலிருந்து உரையாசிரியர் மேற்கோள் காட்டுகிறார். இரவு நான்கு சாமம். முதற்சாமத்தில் கண்ட கனவு ஓராண்டில் பலிக்கும். இரண்டாம் சாமத்துக் கனவுக்கு எட்டு மாதம். மூன்றாவதற்கு மூன்று மாதம். விடியற்சாமத்துக் கனவு பத்து நாளுக்குள் பலித்துவிடும். ‘விடியக்காலைக் கனவு பலிக்கும்’ என்று இன்றைக்கும் பாட்டிமார் சொல்வது இந்தக் கணக்கின் மிச்சம்தான்.

பலிப்பது இருக்கட்டும். விடியற்காலையைத் தனியே பிரித்துப் பார்த்தது மட்டும் வெறும் கற்பனை இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் வெளியிட்ட ஆய்வு, தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் சில நேரங்களில் படபடவென ஓடுவதைப் பதிவு செய்தது. அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் திரும்ப வருகிறது. இரவின் தொடக்கத்தில் சில நிமிடமே நீடிப்பது, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகிறது. அதிலிருந்து நேராக விழித்துக்கொள்பவருக்குக் கனவு நினைவிலும் நிற்கிறது. நாற்று நடவும் நீர் பாய்ச்சவும் இருட்டோடு எழுந்து பழகிய நாட்டில் கடைச்சாமத்துக் கனவுக்கு மதிப்பு கூடியதில் வியப்பில்லை.

எதைக் கனவு கண்டார்கள்? சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை எண்ணி நடுங்கும் பகைவர் நாட்டைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (41) ஒன்று, அந்த மக்களின் கெட்ட கனவுகளை வரிசைப்படுத்துகிறது. பல் உதிர்ந்து தரையில் விழுகிறது. தலையில் எண்ணெய் வழிகிறது. ஆண் பன்றி மேல் ஏறிப் போகிறார்கள். உடை நழுவுகிறது. கட்டிலோடு படைக்கருவியும் கவிழ்கிறது. போர் வருமோ என்று அஞ்சும் ஊர் முழுவதற்கும் கவிஞர் பொதுவாக்கிச் சொல்லும் கனவுகள் இவை. பல் விழும் கனவு இன்றும் தமிழ் வீடுகளில் கலவரம் உண்டாக்குகிறது; யாருக்கோ சாவு என்பார்கள். ஏறத்தாழ இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய ஆர்ட்டெமிடோரஸும் வாயை வீடாகவும் பற்களை வீட்டிலுள்ளவர்களாகவும் வைத்துத்தான் பலன் சொன்னார். யார் யாரிடம் கற்றார்கள் என்று தேடிப் போக அவசியமில்லை. பல் எல்லா நாட்டிலும் விழுகிறது. வீட்டில் மூத்தவர்கள் எல்லா நாட்டிலும் போய்ச் சேருகிறார்கள்.

வைத்தியர்கள் இன்னும் கறாராக இருந்தார்கள். சரக சம்ஹிதை கனவை ஏழு வகையாகப் பிரிக்கிறது: பார்த்தது, கேட்டது, அனுபவித்தது, ஆசைப்பட்டது, கற்பனை செய்தது, வரப்போவதைக் காட்டுவது, உடலின் தோஷத்தால் வருவது. இதில் முதல் ஐந்துக்கும் பலன் இல்லை என்று தள்ளிவிடுகிறது. அதாவது பெரும்பாலான கனவுகள் பகலின் எச்சமும் மனத்தின் ஆசையும்தான். ஃபிராய்டின் கனவு நூல் 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்று தேதியிடப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஆசை அந்தப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. வேறுபாடு என்னவென்றால், பலனில்லை என்று சரகர் ஒதுக்கிய குவியலைத்தான் ஃபிராய்டு கிளறத் தொடங்கினார்.

பூம்புகாரில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கணவன் கைபிடித்து ஒரு பெரிய நகருக்குள் போகிறார்கள். பழி ஒன்று அவர்கள் மேல் விழுகிறது. கோவலனுக்குத் தீங்கு வருகிறது. அவள் அரசன்முன் பேசுகிறாள். ஊருக்கே கேடு வருகிறது. அதற்குப் பிறகு தனக்கும் கணவனுக்கும் நேர்ந்ததைக் கேட்டால் சிரிப்பாய் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். முழுக்கக் கண்டவள் முழுக்கச் சொல்லவில்லை. தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்: காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரு குளங்கள் உண்டு, மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான். அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லில் மறுக்கிறாள் கண்ணகி. பின்னால் பாண்டியன் அவையில் சிலம்பை உடைக்கப் போகிற பெண் எப்படிப்பட்டவள் என்பது கனவிலிருந்து தெரிவதைவிட, கனவை அவள் கையாளும் விதத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது. பாண்டிமாதேவியும் கெட்ட கனவு காண்கிறாள், கோவலனும் காண்கிறான். அவர்கள் அஞ்சுகிறார்கள்.

கனவு அனுமதிச் சீட்டாக மாறிய கடைசிப் பெரிய நிகழ்ச்சி, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையில் வருகிறது. சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப் போக, 1904இல் இவர் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடம் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி அழைத்தபோது கடல் தாண்டுவது ஆசாரக் குடும்பத்துக்கு ஆகாத காரியம். தாய் கோமளத்தம்மாள் ஒப்பவில்லை. பிறகு அவருடைய கனவில், மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே வீற்றிருக்க, இனிக் குறுக்கே நிற்காதே என்று நாமக்கல் நாமகிரித் தாயார் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் கப்பலேறினார்.

தன் கனவில் இரத்தம் ஓடியதுபோன்ற சிவப்புத் திரையில் ஒரு கை கணிதம் எழுதியது என்று இராமானுஜன் சொன்னதாகவும் உண்டு. உலகம் இதைத்தான் அதிகம் பேசுகிறது. கார் என்பவரின் கணிதத் தொகுப்பிலிருந்த ஆயிரக்கணக்கான தேற்றங்களோடு, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தபடி அவர் கழித்த ஆண்டுகள் அந்தக் கதையில் மறைந்துபோகின்றன. அம்மாவின் கனவுதான் இரண்டிலும் ஆழமானது. ‘போகாதே’ என்று ஊரறியச் சொன்னவர் தம் வாயால் ‘போ’ என்று சொல்ல முடியாத இடம் அது. உறவினர் கேட்டால் பதில் வேண்டும், சாதிக் கட்டுப்பாட்டுக்குச் சமாதானம் வேண்டும். விழித்திருக்கும்போது சொல்ல முடியாததைத் தூக்கத்தில் தெய்வம் சொல்லிவிட்டுப் போனது. வட்டிலைத் தேடிய சோழனுக்கும் தில்லை அந்தணருக்கும் கனவு செய்த உதவியும் இதே வகைதான். முன்பு எடுத்த முடிவை அவமானமின்றித் திரும்பப் பெற அது ஒரு வழி. கனவு நம்மைப் பற்றி எதைக் காட்டுகிறது என்று கேட்டால், படுகையின் வரலாறு தரும் பதில் இதுதான்: எந்தப் பேச்சுக்கு வீட்டிலும் தெருவிலும் இடமில்லையோ, அதை.

கனவின் உத்தரவை எதிர்பார்க்கும் இந்த வழக்கத்துக்கு இருண்ட முகமும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றி, மனநோயாளிகளைக் குடும்பத்தார் விட்டுச் செல்லும் காப்பகங்கள் பெருகின. நோய் தீர்ந்தது, போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை தங்க வேண்டும் என்பது நம்பிக்கை. கிரேக்கர்களும் எபிடாரஸில் அஸ்கிலேபியஸ் கோயிலில் நோயாளிகளைப் படுக்கவைத்துக் கனவுக்குக் காத்திருந்தார்கள். ஆனால் ஏர்வாடியின் காப்பகங்களில் காத்திருந்தவர்கள் சங்கிலியில் இருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

இப்போது ஏர்வாடியில் துவா என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கிறது. அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே நோயாளிகளைப் பார்க்கிறார்கள். இதில் யாரும் திட்டமிடாத ஒரு சிக்கல் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் பல மாத்திரைகள், கண்கள் படபடக்கும் அந்தத் தூக்கக் கட்டத்தைக் குறைப்பவை. உத்தரவு வரும் என்று குடும்பம் காத்திருக்கும் நேரமும் அதுதான்.